எமலிங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரரை முதன்முதலில் சாமியார் என்று சொன்னவன் ஒரு வெள்ளைக்காரன். இத்தனை வருஷமாக அவரோடு குடும்பம் நடத்துகிற எனக்கு அந்த எண்ணம் ஒரு நாளும் வந்ததில்லை. வந்திருந்தால் என்றைக்கோ ஒரு காவி வேட்டி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்திருப்பேன்.

அவர் பெயர் கண்ணாயிரம். புருஷன் பெயரைப் பொண்டாட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கல்யாணமான புதிதில் எனக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். சாமி கிடையாது, சாதி கிடையாது, சடங்கு கிடையாது என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகிற ஆள். சரி, கொள்கைதானே என்று ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி எதிரில் “கண்ணாயிரம், சோறு போடட்டா?” என்று கேட்டுவிட்டேன். கொள்கைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து வெளியில் ‘இவர்’, வீட்டுக்குள் ‘ஏங்க’.

கீழ்பென்னாத்தூரில் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தார். வாலிபம் முழுக்க உமித் தூசியும் தவிட்டுத் தூசியும் உள்ளே போனது. அது போதாது என்று தன் கையாலேயே பீடிப் புகையையும் அனுப்பி வைத்தார். கடைசியில் நுரையீரல் ரெண்டும் பழைய கோணிப்பை மாதிரி ஆகி, சி.ஓ.பி.டி. என்று டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்தார். குணமாகாது, பார்த்துப் பதமாக ஓட்ட வேண்டியதுதான் என்றார். இவர் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று, பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று சுவரைச் சோதிப்பார். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் ஒரு நாளும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்களுக்கு ஒரே பெண், கவிநிலா. சிவில் இன்ஜினியர். லடாக்கில் ரோடு போடுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற அந்த ஊர்ப் பையன் ஸ்டான்சினைக் கட்டிக்கொள்கிறேன் என்று போன் பண்ணினாள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாதி பார்க்கவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, மாப்பிள்ளை புத்த மதம் வேறு. நாட்டுக்கே சீர்திருத்தம் செய்து முடித்துவிட்ட மாதிரி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணாமலையார் சன்னதியில் வைத்து ஒரு தாலி கட்டினால் நன்றாக இருக்குமே என்று நான் முனகினேன். என் முனகலுக்கு எங்கள் வீட்டில் ஃபேன் சத்தத்துக்கு உள்ள மரியாதைதான்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரை லே ஊரைவிட்டு எங்கேயும் கொண்டுபோக முடியாது. அதனால் கல்யாணம் அங்கேதான். லே இருப்பதோ பதினோராயிரம் அடிக்கும் மேலே. ஒரு சம்பந்தியால் இறங்க முடியாது, இன்னொரு சம்பந்தியால் ஏற முடியாது. ஆனால் ஊரில் எத்தனையோ பேர் வீட்டுச் சுயமரியாதைக் கல்யாணத்துக்குத் தலைமை தாங்கி, உறுதிமொழி படித்து, மாலை எடுத்துக் கொடுத்தவர் இவர். பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பாரா? உயிரே போனாலும் போவேன் என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நுரையீரல் டாக்டர் சந்திரகலாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே தட்டில் மூன்று இட்லி விழுந்தால் அங்கே ரெண்டுதான் விழும், காற்று அப்படி, உங்களுக்கு இந்த மூன்றே பற்றவில்லையே என்று அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். இவர் விடவில்லை. பெண் கல்யாணம், பெண் கல்யாணம் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் சமதரையில் நடக்க வேண்டும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். நடந்து முடித்ததும் விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கிளிப் என்ன நம்பர் காட்டுகிறது என்று போட்டோ எடுத்து வாட்சப்பில் அனுப்ப வேண்டும். நம்பர் தொண்ணூறுக்குக் கீழே இறங்காமல் நின்றால், ஆக்சிஜன் மெஷினையும் கூட எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். வெளியே வரும்போதே இவர் ஸ்வெட்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எங்கே நடப்பது என்பதில் கொள்கை குறுக்கே வந்து நின்றது. எங்கள் வீடு திருவண்ணாமலையில் ஆசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருக்கிறது. ரோட்டில் பஸ், லாரி, புழுதி. ஒழுங்கான நடைபாதை, மர நிழல், உட்கார இடம் எல்லாம் இருப்பது கிரிவலப் பாதையில்தான். மலையைச் சுற்றுகிறவர்களை ஆயுள் முழுக்கக் கிண்டல் செய்த மனுஷன் அங்கே போய் நடப்பதா? ரெண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரே மலையை வலமாகச் சுற்றுகிறது. இவர் இடமாக நடப்பார். பாதையோரத்து லிங்கக் கோயில்களில் ஒன்றான நிருதி லிங்கம் வரை எங்கள் தெரு வேடியப்பனின் ஆட்டோவில் போய் இறங்கி, வருகிற ஜனத்துக்கு எதிர்த்திசையில், வீட்டைப் பார்த்து நடப்பது. “இது கிரிவலம் இல்ல, வாக்கிங்” என்று வேடியப்பனிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாராம்.

இதில் இவர் யோசிக்காத ஒரு விஷயம் இருந்தது. எல்லோரோடும் சேர்ந்து நடந்திருந்தால் இவர் முதுகை நாலு பேர் பார்த்திருப்பார்கள், மறந்திருப்பார்கள். எதிரில் நடந்ததால் ஊர் முழுக்க இவர் முகத்தைப் பார்த்தது. முகமும் அப்போது எப்படி இருந்தது என்றால், கையைத் தூக்கிச் சவரம் செய்தாலே மூச்சு இரைக்கிறது என்று தாடியை விட்டுவிட்டிருந்தார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, ஒட்டிய கன்னம், கறுப்புச் சட்டை. பாதி தூரத்தில், எமலிங்கம் கோயில் பக்கம் வரும்போது தினமும் மூச்சு தீர்ந்துவிடும். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் கல் கிடக்கிறது. கோயிலைப் பார்த்து உட்கார்ந்தால் கும்பிடுகிறேன் என்று எவனாவது நினைத்துவிடுவான் என்று எமலிங்கத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி உதட்டைக் குவித்து ஃபூ, ஃபூ என்று விடுவார்.

தாடி வைத்த ஒரு கிழவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், பாவம், களைத்துப்போயிருக்கிறார் என்று வேறு எந்த ஊரிலும் நினைப்பார்கள். திருவண்ணாமலையில் நினைக்க மாட்டார்கள். அது இந்த ஊரின் வியாதி. டாக்டர் சந்திரகலாவிடம் அதற்கு மருந்து இல்லை.

முதலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒலாஃப் என்கிற அந்த வெள்ளைக்காரன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன், ஏழடிக்கு ஒரு விரல்தான் கம்மி, கழுத்தில் கொட்டை கொட்டையாக மாலை. அவன் ஏதோ கேட்டிருக்கிறான். மூச்சு இரைக்கும்போது இவரால் பேச முடியாது. கொஞ்சம் பொறு என்று சொல்வதற்கு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒலாஃப் ஆசீர்வாதம் என்று குனிந்து தலையை அந்தக் கையின் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டான். அடுத்த நாள் ரெண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் உள்ளூர்ப் பெண்களே வாழைப்பழத்தோடு வந்தார்கள். எல்லோரும் வலம் வரும்போது இவர் மட்டும் இடம் வருகிறாரே, கோயிலுக்கு முதுகைக் காட்டுகிறாரே, எமனையே பொருட்படுத்தாதவர் போலிருக்கிறது என்று பேச்சு பரவிவிட்டது. சாமி ஏன் பேசுவதில்லை என்று வேடியப்பனைக் கேட்டிருக்கிறார்கள். நடந்துட்டு வந்தா அவரால பேச முடியாதுங்க என்று அவன் உள்ளதைத்தான் சொன்னான். யாருக்கும் அது உள்ளதாகப் படவில்லை.

வீட்டுக்கு வாழைப்பழம் வருவதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்தது. யாரோ கொடுத்தார்கள் என்று மழுப்பினார். மறுநாள் ஒரு எட்டு போய் ஒரு வண்டி மறைவில் நின்று பார்த்தேன். நடுவில் இவர், சுற்றிலும் ஒரு கும்பல். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஃபூ, ஃபூ என்கிறார்கள். எங்கள் மில்லில் நெல் அவிக்கிற இடத்தில்கூட அவ்வளவு காற்றுச் சத்தம் கேட்காது. பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள் நான். எனக்கு இதுவரை ஒருத்தரும் ஒரு பழம் நீட்டியதில்லை.

இது அநியாயம், அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று சண்டை போட்டேன். சொல்லிவிட்டேன் என்றார். மூச்சு திரும்பி வந்ததும் எழுந்து நின்று, நான் நாத்திகன், எனக்கு நுரையீரல் நோய், இது டாக்டர் சொன்ன மூச்சுப் பயிற்சி, எல்லோரும் வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்கள் என்று பிரசங்கமே செய்தாராம். தன்னைத்தானே இவ்வளவு தாழ்த்திக்கொள்கிற சாமியை நாங்கள் பார்த்ததில்லை என்று ஒரு அம்மா அழுதுவிட்டாளாம். அடுத்த நாள் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது.

இதற்கிடையில் நம்பர் மட்டும் பிரமாதமாக வந்துகொண்டிருந்தது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் அனுப்பினார். அதே போட்டோ கவிநிலாவுக்கும் போகும், அவள் டிக்கெட்டே போட்டுவிட்டாள். எனக்குத்தான் புரியவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டுவதற்குள் ரெண்டு தடவை கட்டிலில் உட்காருகிற மனுஷன், எமலிங்கம் வரை நடந்து வந்தால் மட்டும் எப்படித் தொண்ணூற்றேழு காட்டுகிறார்? காற்று நல்ல காற்று என்றார் இவர்.

ஒரு சாயங்காலம் கவிநிலா போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டாள்:

“அப்பா, நீங்க அனுப்புற போட்டோவுல இருக்கறது யார் விரல்?”

“இன்னா கேள்வி இது? என் விரல்தான்.”

“உங்க விரல்ல எப்பலேர்ந்து செம்பட்டை முடி முளைச்சுது?”

வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும் என்றார். இன்றைக்கு அனுப்பிய போட்டோவில் அந்த விரலுக்குப் பக்கத்து விரலில் மோதிரம் இருக்கிறதே, அதில் ஓம் என்று எழுதியிருக்கிறதே, அதுவும் வெளிச்சமா என்று கேட்டாள். மற்ற எதற்காவது ஒரு சமாதானம் சொல்லியிருப்பார். தன் விரலில் ஓம் என்று இருந்ததாக ஒப்புக்கொள்ள அவரால் முடியாது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். தினமும் கல்லில் உட்கார்ந்ததும் கிளிப்பை எடுத்து ஒலாஃபின் விரலில் மாட்டியிருக்கிறார். அவனும் குரு தனக்கு ஏதோ தீட்சை கொடுக்கிறார் என்று பவ்வியமாக நீட்டியிருக்கிறான். சைக்கிளில் மலையைச் சுற்றுகிற வெள்ளைக்காரனுக்குத் தொண்ணூற்றேழு காட்டாமல் என்ன காட்டும்?

கவிநிலா கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள்.

“கல்யாணத்துக்கு அப்பா வரணும்னுதான் நானும் நெனச்சேன். ஆனா நீங்க இங்க வந்து அந்த மேடையிலயே விழுந்துட்டீங்கனா, அப்புறம் என் கல்யாண நாள் எனக்கு இன்னா நாளுப்பா?”

அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. ரெண்டு நாள் நடக்கவும் போகவில்லை. மூன்றாம் நாள் தானாகவே எழுந்து, டாக்டரிடம் போகலாம், அவங்க எதிரிலேயே நடந்து காட்டுகிறேன், வர்ற நம்பர் வரட்டும் என்றார்.

அன்று விடிகாலையில் நான் அண்ணாமலையார் கோயிலுக்குப் போனேன். புருஷன் நல்லபடியாகத் தேற வேண்டும் என்று பொம்பளைகள் வேண்டிக்கொள்கிற இடம் அது. நான் நேர்மாறாக வேண்டிக்கொண்டேன். சாமி, இந்த ஆளை இந்தப் பரீட்சையில் மட்டும் தேற விடாதே, தேறினால் மேலே போவார், மேலே போனால் எனக்குத் திரும்பி வர மாட்டார் என்றேன். பக்கத்தில் நின்றவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். கிளிப் இவருடைய சொந்த விரலில். ஆரம்பத்தில் தொண்ணூற்று மூன்று. கோடிக்குப் போய்த் திரும்பும்போதே எண்பதுகளுக்கு வந்துவிட்டது. நிறுத்துங்கள் என்றார் டாக்டர். கேட்காதவர் போல இன்னும் நாலடி வைத்தார். எண்பத்து மூன்று. டாக்டர் ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். சமதரையிலேயே இப்படி என்றால் லேயில் நினைத்தே பார்க்காதீர்கள், எந்த மெஷினை நம்பியும் நான் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எந்தக் கண்ணீர் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது.

“காலையில கோயிலுக்குப் போனியே, இன்னா வேண்டிக்கின?” என்றார், மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு.

மறைக்காமல் சொன்னேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன வருஷமா நீ கேட்டது ஒண்ணயும் குடுக்கல. இத மட்டும் கேட்ட அன்னிக்கே குடுத்துட்டானா உங்காளு?”

அண்ணாமலையாரை ஓர் ஆளாக அவர் மதித்துத் திட்டியது அதுதான் முதல் தடவை. அந்த வராண்டாவில், அந்தத் துக்கத்திலும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவரும் சிரித்து, சிரித்ததால் இருமல் வந்து, நர்ஸ் வந்து எங்கள் ரெண்டு பேரையும் அதட்டினாள்.

அப்பாவுக்குப் பதிலாக அம்மா தலைமை தாங்கட்டும் என்று கவிநிலா சொல்லிவிட்டாள். மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறவள் நான். தினமும் மத்தியானம் இவர் எனக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். “இன்று முதல் நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் உற்ற தோழர்களாக” என்று அவர் ஆரம்பித்தால், நான் “அண்ணாமலையார் புண்ணியத்துல” என்று முன்னால் ஒன்றைச் சேர்த்துவிடுவேன். வேண்டுமென்று இல்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. இவர் நாற்காலியைத் தட்டுவார். மறுபடி முதலிலிருந்து. ஒலாஃப் ஒரு நாள் குருவைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். காபி கொடுத்து, விரல் கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை. இந்த மூச்சு விட ஆரம்பித்ததிலிருந்து தனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்றான். நீங்கள் ஊருக்குப் போய் வாருங்கள், நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். வேளாவேளைக்குச் சாப்பாடு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றான் வேடியப்பன். அப்படித்தான் நான் முதன்முதலாக விமானம் ஏறினேன்.

லேயில் இறங்கியதும் தலை பிளந்துவிடும் போல வலி. ரெண்டு நாள் எழுந்திருக்கவே கூடாது என்று கவிநிலா படுக்க வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நாலு படி ஏறினேன். நின்றுவிட்டேன். காற்று முகத்தில் அடிக்கிறது, உள்ளே மட்டும் வர மாட்டேன் என்கிறது. எனக்கு நோய் நொடி ஒன்றும் கிடையாது. இவருக்குப் பாத்ரூம் போய் வருவதே தினமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. சும்மா நடிக்காதீங்க என்று எத்தனை நாள் சொல்லியிருப்பேன். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்தன்று சம்பந்தியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்கள். அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் போனை நிறுத்தினாள் கவிநிலா. வீடியோவில் இவர் தெரிந்தார். சலவை செய்த கறுப்புச் சட்டை. யாரைப் பிடித்து வந்தாரோ, தாடியைச் சுத்தமாக எடுத்திருந்தார். பின்னால் ஒலாஃப் கைகூப்பிக்கொண்டு நின்றான். நான் எழுந்து நின்றேன். இவர் சொல்லிக் கொடுத்ததை, சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தமிழில் திருப்பிச் சொன்னார்கள். ஸ்டான்சின் தோழர் என்பதைத் ‘தோலர்’ என்றான். யாருக்கும் குறையாகப் படவில்லை. மாலையை எடுத்துக் கொடுக்கும்போது போனைப் பார்த்தேன். சிக்னல் போய், படம் அப்படியே நின்றிருந்தது. பாதி மூடிய கண்ணும் குவிந்த உதடுமாக இவர் உறைந்துபோயிருந்தார். மாலை மாற்றியதை அவர் பார்த்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்ந்த பிறகுதான் லைன் கிடைத்தது. படம் வரவில்லை, குரல் மட்டும். மாலை மாற்றும்போது அறுந்துபோச்சு என்றார். நான் ஒவ்வொன்றாக, யார் எங்கே நின்றார்கள், பெண் எப்படிச் சிரித்தாள், சம்பந்தி எப்படி இடது கையால் பூ போட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“சாமி பேர் எங்கயாவது சொல்லிட்டியா?”

“சொல்லல. நீங்க குடுத்தது மட்டும்தான்.”

பாராட்டுவார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

“சொல்லியிருக்கலாம் திரௌபதி. எல்லாத்தயும் என் இஷ்டத்துக்கே எழுதினேன். பெத்தவ உனக்குனு ஒரு வரி நான் விடல.”

இப்போது சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லு, அவங்களைக் கூப்பிடு என்றார். கவிநிலாவையும் ஸ்டான்சினையும் கூப்பிட்டு நிறுத்தி, போனை நடுவில் பிடித்துக்கொண்டு, அண்ணாமலையாரே, என் பிள்ளைகள் ரெண்டு பேரையும் நல்லா வெச்சிரு என்றேன். நாற்காலியைத் தட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். கேட்கவில்லை.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சு.”

“இன்னும் ஒண்ணு சேத்துக்க. அடுத்த வருஷம் அவங்க இங்க வரும்போது நான் இருக்கணும்னு கேளு. நான் கேக்க மாட்டேன். நீ கேளு.”

கேட்டேன். அங்கே இவர் காதிலும் விழட்டும் என்று, சத்தமாகவே கேட்டேன்.